மேல்வீட்டுக் கல்யாணம்

எங்களை வீட்டைவிட்டு எழும்பச் சொல்ல வந்த அன்று வீட்டுக்காரர் கையில் பலகாரத் தட்டு இருந்தது. பயித்தம் பணியாரம், சிப்பிப் பலகாரம், நடுவில் மகளின் கல்யாணக் கார்ட். அவர்கள் மேலே, நாங்கள் நிலமட்டத்துக்குக் கீழே பேஸ்மன்றில். நாங்கள் புலம்பெயர்ந்து வந்த பெருநகரத்தின் வெக்ஸ்போர்ட் பகுதியில், அந்த வீட்டுக்கு வந்து ஐந்து வருடமாகிவிட்டது. இத்தனை காலத்தில் அவர் தட்டோடு படியிறங்கி வந்தது அதுதான் முதல் தடவை.

"தம்பி, குடும்பமாய் வரவேணும். கீழ்வீட்டுச் சனத்தை விட்டுட்டு எங்களுக்கென்ன கல்யாணம்?" என்றார்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. தட்டை வாங்கி, மரியாதைக்கு ஒரு பணியாரத்தை எடுத்துக் கடித்தேன். அவர் போகாமல் நின்றார்.

"இன்னொரு விசயம். கல்யாணம் முடிய மகளும் மருமகனும் இஞ்சை கீழைதான் இருக்கப் போகினம். இப்ப சின்னனுகள் வீடு வாங்கிற விலையே? கல்யாணம் முடியிற மாசக் கடைசிக்குள்ளை நீங்கள் வேறை இடம் ஒண்டு பாத்தால் நல்லது. எனக்கு மனமில்லைத் தம்பி."

அவருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை எனக்கு அந்த நேரம் பார்த்து நினைவுக்கு வரவில்லை. "ஓம் அண்ணை, அதுக்கென்ன" என்று சொல்லிவிட்டேன்.

அவர் படியேறிப் போன பிறகு மனைவி கரண்டியோடு குசினிக்குள்ளிருந்து வந்தாள். "வாயிலை பணியாரம் இருந்தால் எதுக்கும் ஓம் எண்டுவியளோ?"

அவள் கோபத்துக்குக் காரணம் எங்கள் மகள். வயது எட்டு. சத்தமும் மாற்றமும் அவளுக்கு ஆகாது. சாப்பாட்டுக் கோப்பை மாறினாலே அன்று முழுவதும் பட்டினி கிடப்பாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் இவளைப் போன்ற பிள்ளைகளுக்கு ஒரு சிறு வகுப்பு இருக்கிறது. அங்கே இடம் கிடைக்க நாங்கள் காத்திருந்த காத்திருப்பை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகும். முதல் வருடம் வாசலில் நின்று கத்துவாள், என் சட்டையைக் கிழிப்பாள். போன மாரிகாலத்தில் ஒருநாள் வாசலில் தானாக என் கையை விட்டுவிட்டு உள்ளே நடந்துபோனாள். நான் காருக்குள் இருந்து அழுதேன். இப்போது ஒவ்வொரு காலையும் கையை விடுகிறாள். வேறு நகரத்துக்குப் போனால் வேறு கல்விச் சபை, திரும்பவும் வரிசையில் கடைசி, திரும்பவும் வாசலில் கத்தல்.

மனைவி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். கூட வேலை செய்யும் ஒருத்தியிடம் விசாரித்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்காரர் வாயால் சொன்னால் போதாதாம். அரசாங்கத்தின் பத்திரத்தில் காரணம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தரவேண்டுமாம். தந்தாலும் விசாரணை இல்லாமல் யாரையும் வெளியே தள்ள முடியாதாம்.

மேலே போய் மெதுவாகக் கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார். "எங்களுக்குள்ளை என்ன பேப்பர் தம்பி?"

அந்தச் சிரிப்போடு நான் திரும்பி வந்துவிட்டேன். "ஒரு பொம்பிளைப் பிள்ளையின்ரை கல்யாணக் காரியம். அதுக்குக் குறுக்கை நிக்கிறதே?" என்று மனைவியிடம் சொன்னேன். எதற்கெல்லாமோ சண்டை பிடிக்கிற சனம்தான் நாங்கள். ஆனால் கல்யாணம் என்ற சொல்லைக் கேட்டவுடன் எழும்பி வழிவிட்டு நின்றுவிடுவோம். மனைவி கோப்பைகளைக் கழுவப் போனாள். அந்தக் கழுவலின் சத்தத்தில் எல்லாம் இருந்தது.

பிறகு வீடு தேடும் படலம். பள்ளிக்கூடத்தின் எல்லைக்குள்ளேயே வேண்டும் என்பதால் எங்கள் உலகம் சில தெருக்களாகச் சுருங்கிவிட்டது. ஒரு மாடிக் கட்டடத்தில் வீடு பார்க்க வரிசை நடைபாதை முழுக்க நின்றது. எல்லாரும் கையில் வேலைக் கடிதத்தோடு கல்யாணப் பேச்சுக்கு வந்தவர்கள்போல உடுத்திக்கொண்டு நின்றார்கள். இன்னொரு இடத்தில் ஏரி தெரியும் என்று விளம்பரம் போட்டிருந்தார்கள். தெரிந்ததுதான். குளியலறைத் தொட்டியின் விளிம்பில் ஏறி நின்றால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சீலைக் கரை அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. அதற்கு அவர்கள் கேட்ட வாடகைக்கு நான் அந்த ஏரியிலேயே போய் விழலாம்.

நம்முடைய ஆட்களின் பேஸ்மன்றுகளைப் பார்க்கப் போனால் அது தனி நேர்முகத் தேர்வு. ஊரில் எவடம், ஆருடைய ஆட்கள், எத்தனை பேர், மீன் பொரிப்பீர்களோ. ஒரு அன்ரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில் மகளைப் பார்த்தார். மகள் சுவரைத் தட்டிக்கொண்டு தனக்குப் பிடித்த ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை எப்பவும் இப்பிடியோ?" என்று கேட்டார்.

"ஓம் அன்ரி, எப்பவும்தான்" என்றாள் மனைவி.

அந்த வீடு அன்று பின்னேரமே வேறு யாருக்கோ போய்விட்டதாகத் தகவல் வந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை எறியப் பார்த்தேன். புதுப்போன் வாங்கவும் வழியில்லை என்பதால் எறியவில்லை. பொறுத்தார் பூமி ஆள்வாராம். நான் பொறுத்துப் பொறுத்து ஒரு பேஸ்மன்றைக்கூட ஆளக் காணோம்.

இதற்கிடையில் மேலே கல்யாணம் களைகட்டியது. பலகாரம் சுடும் வாசம் ஹீற்றர் துவாரத்தால் எங்கள் படுக்கையறைக்குள் இறங்கியது. பலகாரச் சூட்டுக்கு வந்தவர்களின் செருப்புகள் எங்கள் படிவரை நிரம்பின. வருகிறவர்கள் இருக்கக் கதிரைகள் வான் வண்டியில் வந்தன. யார் இறக்கினார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான்தான். என்னை வெளியேற்றப்போகும் கல்யாணத்துக்கு என் முதுகிலேயே கதிரை சுமந்தேன். "தம்பி மாதிரி ஒரு ஆள் கிடையாது" என்று வீட்டுக்காரர் வந்தவர்களுக்குச் சொன்னார். மனைவி யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் என்னோடு முன்பு வேலை செய்த ஒருவர் பிறம்ரனில் தன் பேஸ்மன்றைத் தருவதாகச் சொன்னார். நல்ல மனிதர். ஆனால் அது வேறு நகரம், எங்களுக்கு மறுகோடி. மனைவியின் வேலையும் போகும், மகளின் வகுப்பும் போகும். திங்கட்கிழமை காலைக்குள் முடிவு சொல்லச் சொன்னார். கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. திங்கள் காலை எழும்பி ஓம் சொல்லுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் மண்டபத்துக்குப் போனோம்.

மகளுக்குக் காதை மூடும் பெரிய ஹெட்போனை மாட்டியிருந்தோம். அதற்குள்ளும் மேளச் சத்தம் போயிருக்க வேண்டும். என் சட்டையின் நுனியைப் பிடித்த கையை அவள் எடுக்கவே இல்லை. சாப்பிட்டுவிட்டு நழுவிவிடலாம் என்று பார்த்தேன். ஆனால் நம் கல்யாணங்களில் மேடையேறிப் படம் எடுக்காமல் போனால் வராத மாதிரித்தான். வரிசையில் நின்று ஏறினோம். பட்டு வேட்டி சால்வையோடு வீட்டுக்காரர் என்னைத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார்.

மணப்பெண் என் மனைவியைக் கட்டிப்பிடித்தாள். எங்கள் மகளுக்குச் சின்ன வயதில் சொக்லேட் கொண்டுவந்து தந்த நல்ல பிள்ளை.

"அன்ரி, தாங்க் யூ சோ மச். அப்பா சொன்னவர், நீங்கள் வீடு வாங்கிட்டியளாம். கொங்கிராற்ஸ்! ஐ ஆம் சோ ஹப்பி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவிக்கு விளங்கிவிட்டது. "நீங்கள் எங்கை பிள்ளை இருக்கப் போறியள்?" என்று கேட்டாள்.

"விட்பியிலை அன்ரி. போன வருசமே புக் பண்ணின வீடு. கீயும் கிடைச்சிட்டுது. கட்டாயம் வந்து பாக்கவேணும்."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைச் செய் என்பார்கள். இந்த மனுசன் கல்யாணத்தையே காட்டி எங்களுக்கு ஒரு பொய்யைச் செய்திருக்கிறார். கூடின வாடகைக்கு ஆள் வைக்க எங்களைக் கிளப்ப வேண்டும், அவ்வளவுதான். திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் கமராவைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மனைவி மணப்பெண்ணின் கையை விடாமல், சிரித்த முகத்தோடு சொன்னாள். "சந்தோசம் பிள்ளை. ஆனால் நாங்கள் வீடு வாங்கேல்லை. எங்கையும் போறதாயும் இல்லை."

"ஓ! அப்ப நீங்கள் கீழைதானா? நல்ல காலம். அம்மாவும் அப்பாவும் தனிய எண்டு நான் கவலைப்பட்டனான்" என்றாள் அவள். அந்த முகத்தில் பொய்யே இல்லை.

"அங்கிள், கொஞ்சம் சிரியுங்கோ" என்று படம் பிடிப்பவர் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவரும் சிரித்தார்.

மேடையைவிட்டு இறங்கும்போது என் தோளில் கைபோட்டு, "தம்பி, நாளைக்குக் கதைப்பம்" என்றார்.

இரண்டு மாதமாக என் தொண்டையில் நின்ற பணியாரம் அப்போதுதான் இறங்கியது.

"பேப்பரோடை வாங்கோ அண்ணை" என்றேன்.

பேப்பரோடு வருவார், விசாரணைக்கும் இழுப்பார் என்று எனக்குத் தெரியும். கோபம் இன்னும் ஆறவில்லை. அவரில் பாதி, என்னில் பாதி. திங்கட்கிழமை காலை பிறம்ரன்காரருக்குப் போன் எடுத்து, வரவில்லை என்று சொன்னேன். பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். வாசலில் அவள் என் கையை விட்டாள்.