சுழிக்காரனின் தங்கச்சி

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு கல்பிட்டியில் ஃபைஸலின் சலூனுக்கு முடி வெட்டப் போகிறவனுக்கு அல்லாஹ்தான் பொறுமையைக் கொடுக்க வேண்டும். கதிரையில் உட்காரவைத்து, கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, ஒரு பக்கத்தை வெட்டி முடித்த கையோடு ஃபைஸல் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவான். மற்றப் பக்கம் கதை முடிந்த பிறகுதான். பாதித் தலையோடு சுழிக்காரன் கதை கேட்டவர்கள் ஊரில் பலர் இருக்கிறார்கள். ஒருவரும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

கதை சொல்கிறவன் நூர்தீன். மற்ற ஆறு நாளும் ஐஸ் தொழிற்சாலையில் பாளம் பாளமாக ஐஸ் உடைத்து, லொறியில் ஏறுகிற மீன் பெட்டிகளுக்கு அள்ளிப் போடுகிற ஆள். வயது நாற்பத்துமூன்று. விரல் நுனிகள் எந்நேரமும் ஊறி வெளிறிப்போய் இருக்கும். வேலைக்களத்தில் யாரும் அவனிடம் இரண்டு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. அந்த இரண்டும் பெரும்பாலும் "கெதியாப் போடு" என்பதுதான். அப்படிச் சத்தம் போடுகிற அதே ஆட்கள் வெள்ளிக்கிழமை அவன் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே அவன் ஆறு நாளும் ஐஸ் உடைத்தான் என்று சொன்னால் அது மிகையில்லை.

சுழிக்காரன் கதை வருவது கொழும்பிலிருந்து வாராவாரம் வரும் ஒரு சிங்களச் சித்திரக்கதைப் பத்திரிகையில். அதில் அவனுக்குப் பெயர் தியசுளிய, அதாவது நீர்ச்சுழி. கறுப்புத் துணியால் முகத்தை மூடியவன். கடலில் சுழி விழுந்த இடத்திலிருந்து எழும்பி வருவான். டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறவனை வெளுத்து வாங்குவான். கவிழ்ந்த வள்ளத்தைத் தனியாளாக நிமிர்த்துவான். அவன் யார், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியாது. சலூன் கூட்டத்தில் சிங்களம் பேசத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். மீன் லொறி ஓட்டுகிற லாபிர் தம்புள்ளைவரை போய்ப் பேரம் பேசி வருகிறவன். ஆனால் எழுத்தைக் கண்டால் அவனும் கையை விரித்துவிடுவான். வாசிக்கத் தெரிந்தவன் நூர்தீன் ஒருவன்தான்.

அவன் பள்ளிக்கூடத்தில் படித்த சிங்களமல்ல அது. பன்னிரண்டு வயதில் சிலாபத்தில் ஒரு சிங்களவரின் தேநீர்க் கடையில் கிளாஸ் கழுவப் போனான். பணிஸ் சுற்றிக் கொடுப்பதற்குப் பழைய சித்திரக்கதைப் பத்திரிகைகளைக் கட்டுக் கட்டாக வைத்திருப்பார்கள். படத்தில் ஆள் அழுதால் பக்கத்தில் இருக்கிற எழுத்து அழுகிற எழுத்து, அடித்தால் அது அடிக்கிற எழுத்து என்று அவனாகவே கூட்டிக் கூட்டிப் படித்தான். இரண்டு வருடத்தில் முதலாளிக்கே கடிதம் வாசித்துக் காட்டுகிற அளவுக்கு வந்துவிட்டான்.

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை நூர்தீன் அந்தப் பத்திரிகையும் கையுமாகச் சவரத்துக்குக் காத்திருந்தபோது, "அதில என்ன நானா போட்டிருக்கு?" என்று ஃபைஸல் கேட்டதில் எல்லாம் தொடங்கியது. நூர்தீன் படத்தைக் காட்டிக் காட்டித் தமிழில் சொன்னான். அடுத்த வெள்ளிக்கிழமை ஆறு பேர் சேர்ந்தார்கள். வெள்ளிக்கிழமைகளில் வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை, ஆகவே கேட்கிறவர்களுக்குப் பஞ்சமில்லை.

நான்காவது வாரமோ ஐந்தாவது வாரமோ, றிஸ்வி நானா ஒரு கேள்வி கேட்டார். றிஸ்வி நானா ஐம்பத்தைந்து வயதான கடல் தொழிலாளி; ஆள் மலை மாதிரி, மனசு பாண் மாதிரி மெது.

"இவன் எந்தப் பக்கத்து ஆள் தம்பி?"

பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். கேட்கிறவர்களின் முகத்தைப் பார்த்தபோது நூர்தீனுக்கு மனசு வரவில்லை.

"நம்மட பக்கம்தான் நானா."

அவ்வளவுதான். அன்றிலிருந்து சுழிக்காரன் கடலில் குதிக்கும்போதெல்லாம் பிஸ்மில்லாஹ் சொன்னான். தாயைக் கூப்பிடும்போது உம்மா என்றான். நோன்பு மாதத்தில் வில்லன்களை அடித்துவிட்டு ஈச்சம்பழத்தோடு நோன்பு திறந்தான். பத்திரிகைக்காரன் வரைந்தது ஒரு சுழிக்காரன், கல்பிட்டி கேட்டது இன்னொரு சுழிக்காரன். றிஸ்வி நானா தன் வள்ளத்துக்கே அந்தப் பெயரை எழுதிவிட்டார்.

இதெல்லாம் விளையாட்டு. ஒரே ஒரு விடயம் விளையாட்டில்லை.

ஒரு வாரம் படம் முழுப் பக்கத்துக்கு வந்தது. சுழிக்காரன் கடற்கரையில் தலையைக் குனிந்து நிற்கிறான். எழுத்தே இல்லை.

"ஏன் இப்பிடி நிக்கிறான்?" என்றார் றிஸ்வி நானா.

வாசிக்க ஒன்றுமில்லாத இடத்தில் நூர்தீனின் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அவன் மன்னார்ல பிறந்தவன் நானா. தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம் ஆக்கள் எல்லாரையும் ஊர விட்டுப் போகச் சொல்லிட்டுது. வள்ளத்தில வந்தாங்க. இவனுக்கு எட்டு வயசு. தங்கச்சிக்கு நாலு. உம்மாட மடியில கைப்பிள்ளை, அதால தங்கச்சிய இவன்ட கையில குடுத்தாங்க. வள்ளத்தில ஆள் கூட. அலை ஒண்டு பக்கவாட்டில அடிச்சிச்சு. கையப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருந்தான். அலை போன பிறகு பாத்தா கை மட்டும் இருக்கு, புள்ளை இல்ல. அதுக்குத்தான் இவன் சுழி கண்ட இடமெல்லாம் குதிக்கிறான்."

றிஸ்வி நானா சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்த வள்ளங்கள் வரேக்க நான் கரையில நிண்டேன்," என்றார். "கஞ்சிக் கிடாரம் தூக்கிட்டுப் போனேன்."

அது உண்மைதான். அந்த ஒக்டோபர் மாதம் கல்பிட்டிக்காரர்கள் தங்கள் அடுப்பில் இருந்ததை இறக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார்கள். பிறகு வருடங்கள் போகப் போக, குழாயடியிலும் பள்ளிக்கூட வாசலிலும் வேலை கேட்ட இடத்திலும் "அகதி" என்ற சொல்லும் அதே ஊரில்தான் புழங்கியது. இரண்டையும் வைத்துத்தான் ஊரைப் பார்க்க வேண்டும். நூர்தீன் முகாமில் வளர்ந்தவன் என்பது சலூனில் எல்லாருக்கும் தெரியும். வள்ளத்தில் என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. வீட்டிலும் அந்தப் பேச்சு இல்லை. பெயரைக் கேட்டாலே உம்மா மயங்கி விழுவார் என்பதால், அவர் மௌத்தாகும்வரை யாரும் அந்தப் பெயரை எடுக்கவில்லை. பிறகு எடுக்கும் பழக்கமே விட்டுப்போனது.

சுழிக்காரன் பெயரில் சொன்னபோது மட்டும் அவனுக்கு மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அதனால் அடுத்தடுத்த வாரங்களிலும் தங்கச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கதைக்குள் கொண்டுவந்தான். அவளுக்குப் பிடித்த சிவப்புச் சட்டை. பாண் கரையைப் பிய்த்துவிட்டு நடுவை மட்டும் தின்கிற குணம். பெயரை மட்டும் சொல்லவில்லை. இப்படி இரண்டு வருடம் போனது.

போன மாதம் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பெரிய எழுத்தில் வந்தது: அடுத்த வாரம் முகமூடி கழலும்.

சலூன் இரண்டுபட்டது. அவன் உச்சமுனை ஆள்தான், களப்புச் சுழியெல்லாம் கைரேகை மாதிரித் தெரிகிறதே என்றான் ஃபைஸல். நேவியில் இருந்து விலகியவன், அடிக்கிற அடியைப் பார்த்தால் தெரியாதா என்றான் லாபிர். உப்பளத்து வேலைக்காரன் என்றார் றிஸ்வி நானா. பாதத்தில் இருக்கிற வெடிப்பைப் படக்காரன் ஒரு வாரமும் வரையாமல் விடவில்லையாம். முகாமில் வளர்ந்த பிள்ளை என்பதில் மட்டும் மூவருக்கும் சந்தேகமில்லை. யார் சொல்வது சரியோ அவருக்கு மற்றவர்கள் ஒரு மாதம் பிளேன்ரீ வாங்கித் தர வேண்டும் என்று பேச்சானது.

நூர்தீன் அந்த வாரம் முழுக்க ஐஸ் உடைத்தபடி அந்த முகமூடியையே யோசித்தான். எழுத்தை மாற்றலாம், முகத்தை எப்படி மாற்றுவது? மூன்று வருடமாகத் தங்களை ஏமாற்றியிருக்கிறான் என்று தெரிந்தால் பிறகு சலூனின் அந்த வாங்குப் பலகையில் அவனுக்கு இடம் இருக்குமா? திரும்பவும் "கெதியாப் போடு" மட்டும்தான் மிஞ்சும்.

வியாழக்கிழமை பின்னேரம் கொழும்பு பஸ்ஸில் பத்திரிகை வந்தது. கடை வாசலில் நின்றபடியே விரித்தான். சுழிக்காரன் முகமூடியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். மெலிந்த முகம், கழுத்தில் சிலுவை. பின்னால் வீட்டுச் சுவரில் மாதா சுரூபம், அதன் முன்னால் மெழுகுதிரி ஏற்றுகிற தாய். ஆணியில் தபால்காரரின் காக்கிப் பை தொங்கியது. சிலாபம் பக்கத்துத் தபால்காரன், பெயர் ஜூட். பிறப்பிலிருந்து ஒரே வீட்டில் இருக்கிறவன். தங்கச்சி என்று ஒருத்தி அவனுக்கு இருந்ததே இல்லை.

பத்திரிகை வரவில்லை என்று சொல்லிவிடலாம் என நினைத்தான். அடுத்த வாரம் என்ன சொல்வது? இது அவனுடைய மாறுவேடம், உள்ளே வேறு ஆள் என்று சொல்லலாம். அதையும் நம்புவார்கள். நம்புவார்கள் என்பதுதான் அவனை வருத்தியது.

வெள்ளிக்கிழமை சலூனில் நிற்க இடமில்லை. கதிரையில் லாபிர் பாதித் தலையோடு இருந்தான். நூர்தீன் வாங்கில் உட்கார்ந்து, பத்திரிகையை விரித்து, படத்தை எல்லாருக்கும் தெரிகிற மாதிரிப் பிடித்தான். ஒரு சொல்லையும் மாற்றாமல் வாசித்தான். ஜூட் என்ற பெயரை வாசித்தான், தபால் கந்தோரை வாசித்தான், தாய் சொன்ன செபத்தையும் விடவில்லை.

முதலில் சிரித்தது ஃபைஸல். "தபால்காரனா! நம்மளுக்கு ஒரு கடிதத்தையும் நேரத்துக்குக் கொண்டாராத கூட்டம்!"

லாபிர் சிரிக்கவில்லை. துணியோடு எழுந்து வந்து படத்தைப் பார்த்தான். "மச்சான், இவன் வேதக்காரனா இருந்தா எனக்கொண்டுமில்ல. நல்லவன் எங்கயும் இருப்பான். ஆனா பிஸ்மில்லாஹ்? நோன்பு? அதெல்லாம்?"

"நான் போட்டது."

"ஏன்டா?"

பின்னாலிருந்து யாரோ மூன்று வருடப் பொய் என்றார்கள். இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். அவன் பத்திரிகையை மடிக்கத் தொடங்கினான். அந்த வாங்கைவிட்டு எழும்புவதற்கு முன்னால் அதை ஒழுங்காக மடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் அவன் மனதில் இருந்தது.

றிஸ்வி நானா அவன் முன்னால் வந்து நின்றார். கோபத்தில் அவருக்குக் குரல் உடைந்தது.

"மத்ததெல்லாம் கிடக்கட்டும். வள்ளத்தில விழுந்த அந்தப் புள்ளை? ரெண்டு வருசமா ஒவ்வொரு சுபஹுத் தொழுகையிலும் நான் அதுக்கு துஆ கேட்டேன். சுழிக்காரன்ட தங்கச்சி எண்டு சொல்லிக் கேட்டேன், விளங்குதா? என்ட புள்ளைகள் சிரிச்சுதுகள். இல்லாத புள்ளைக்கா நான் அல்லாஹ்ட கையேந்தினேன்?"

நூர்தீன் தலையை நிமிர்த்தினான்.

"புள்ளை இல்லாம இல்ல நானா."

"இந்தத் தபால்காரனுக்குத் தங்கச்சி இல்லையெண்டு இப்பத்தானே வாசிச்சாய்?"

"அவனுக்கு இல்ல. எனக்கு."

ஃபைஸல் கையை நீட்டி மின்விசிறியை நிறுத்தினான், ஏன் நிறுத்தினான் என்று அவனுக்கே தெரியாது. லாபிர் கதிரையில் போய் உட்கார்ந்தான்.

"எங்களுக்கு ஏன்டா சொல்லல்ல?" என்றான் லாபிர் மெல்ல.

"சுழிக்காரனப் பத்தி ஒவ்வொரு கிழமையும் கேட்டீங்க, சொன்னேன். என்னை ஒருத்தரும் கேக்கல்ல."

அவன் குற்றஞ்சாட்டிச் சொல்லவில்லை. இருந்ததைச் சொன்னான். ஆனாலும் அங்கிருந்த ஒருவருக்கும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கஞ்சிக் கிடாரம் தூக்கியவருக்கும் முடியவில்லை. கரைக்கு வந்தவர்களின் பசியைக் கேட்டார்கள், பாய் இருக்கிறதா என்று கேட்டார்கள். வராமல் போனவர்களைப் பற்றி முப்பத்தைந்து வருடமாக யாரும் கேட்கவில்லை.

றிஸ்வி நானா வாங்கில் நூர்தீனுக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். மடித்த பத்திரிகையை அவன் கையிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"பிழையான பேர்ல கேட்டுட்டேனே," என்றார். "எல்லாம் தெரிஞ்சவனுக்கு யாரெண்டு தெரிஞ்சிருக்கும். எண்டாலும் நாளைக்கு ஒழுங்காக் கேக்க வேணும். சொல்லு தம்பி, புள்ளைட பேரென்ன?"

நூர்தீன், தன் நாக்கு அந்தச் சொல்லை மறந்துவிட்டதோ என்று பயந்தான்.

"றைஸா."

"வாப்பாட பேர்?"

"பதியுதீன்."

"றைஸா, பதியுதீன்ட மகள்," என்றார் றிஸ்வி நானா. மறந்துபோகாமல் இருக்க இன்னொரு தரமும் சொல்லிப் பார்த்தார்.