பாக்கியம் அக்கா வாங்கித் தந்த தோங்

இந்த நேரத்தில் உங்கள் போனைச் சத்தம் போட வைத்ததற்கு மன்னியுங்கள். பகலில் பாப்பாவை வைத்துக்கொண்டு நாலு வரி எழுத முடியவில்லை.

பாக்கியம் அக்கா போய்விட்டார். இன்று மத்தியானம், ஆஸ்பத்திரியில். டெங்கி.

ஈஜோக்கில் எங்கள் தாமான் குடியிருப்புக்காரர்களுக்கு அவர் யாரென்று சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக… எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். ஸ்கூல் கேண்டீனில் வேலை. தெருவிளக்கு எரியாவிட்டாலும் கால்வாய் அடைத்தாலும், பழைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நகராண்மைக் கழக ஆபீஸில் போய் நிற்பவர்.

நாளை பன்னிரண்டு மணிக்கு எடுக்கிறார்கள். அவருடைய லோரோங் சின்னச் சந்து, ஒன்பது வீடு, உள்ளே போக ஒரே வழி. அந்த வழியை மறித்துக்கொண்டு குப்பைத் தோங், பெரிய இரும்புத் தொட்டி, நிற்கிறது. சவ வண்டி உள்ளே நுழையாது.

அந்தத் தோங் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் வெறும் ஆர்ஐபி போட எனக்குக் கை வரவில்லை.

ஒவ்வொரு வருஷமும் சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னால் எங்களுக்கு கோத்தோங் ரோயோங். எல்லாரும் சேர்ந்து தெருவைச் சுத்தம் செய்வோம். பிள்ளைகளுக்கு வர்ணம் தீட்டும் போட்டி, பெரியவர்களுக்கு பிரஷர் செக்கப், அக்கா கையால் மீகூன் கோரேங். பழைய மெத்தை, சோபா போடுவதற்கு லோரி நீளத்தில் ஓர் இரும்புத் தோங்கைக் கழகம் அனுப்பிவைக்கும்.

இந்த வருஷ நோட்டீஸ் மலாயில் வந்தது. வாட்ஸ்அப் குரூப்பில் தமிழில் போடச் சொல்லி அக்கா எனக்கு அனுப்பினார். தோங் "மிங்கு ஹடாப்பான்" வரும் என்று இருந்தது. அடுத்த வாரம் என்று அர்த்தம்.

நான் "அடுத்த ஞாயிறு" என்று எழுதினேன். எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே மிங்கு என்றால் ஞாயிறுதான், எஸ்டேட்டில் வேலையில்லாத நாள்.

யுனிவர்சிட்டியில் டிகிரி முடித்தவள் நான்.

அக்காவுக்குச் சந்தேகம் வந்தது. போன் பண்ணினார். "மிங்குன்னா வாரமா இருக்கப்போவுதும்மா… ஒருக்கா பாத்துச் சொல்லு."

பாப்பா அழுதுகொண்டிருந்தாள். நோட்டீஸைத் திறந்துகூடப் பார்க்காமல், ஞாயிறுதான் அக்கா என்றேன்.

திங்களன்று வந்த தோங், பாதிகூட நிறையாமல் வெள்ளிக்கிழமை திரும்பிப் போனது. ஞாயிறு காலை எல்லாரும் மெத்தையும் டயரும் ரோட்டோரம் கொண்டுவந்து போட்டார்கள். சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது.

மூலை வீட்டு அங்கிள் நடுத்தெருவில் நின்று அக்காவைப் பார்த்துச் சொன்னார். "செக்ரட்டரியாம் செக்ரட்டரி. மலாய்ல ரெண்டு வரி படிக்கத் தெரியாதவளுக்கு எதுக்குலா பதவி?"

"ஆறாம் வகுப்பு படிச்சவதானே அண்ணே. மிங்குன்னா ஞாயிறுன்னு நெனச்சிட்டேன்" என்றார் அக்கா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். பாப்பா இடுப்பில். வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போய், ஏன் அக்கா அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். "நீ கைப்புள்ளக்காரி. இவனுங்க ஏச்சக் கேட்டா உனக்குப் பால் வத்திப்போவும். எனக்கு இது பழக்கம்தான்லா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்… அவ்வளவு எளிதாக.

அந்த வாரமே குரூப் அட்மினிலிருந்து அவரை எடுத்தார்கள்.

ரோட்டோரத்துச் சாமான் மூன்று வாரம் அப்படியே கிடந்தது. வேலை முடிந்து வந்ததும் அக்கா கேண்டீன் குவளையால் டயர்களில் தேங்கிய தண்ணீரை மொண்டு ஊற்றுவார். ஜன்னலிலிருந்து பார்ப்பேன். கொசு பாப்பாவைக் கடித்துவிடும் என்று நான் வெளியே போகவில்லை.

கொசுவுக்குப் புகை அடிக்கச் சொல்லியும் கழகத்தில் கேட்டுப் பார்த்தார். டெங்கி கேஸ் இருந்தால்தான் வருவோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். போனில் படம் படமாக எடுத்துக்கொண்டு போய், இன்னொரு தோங் மட்டும் எப்படியோ வாங்கிவிட்டார்.

இந்தத் திங்கள் அது வந்தது. என் வீட்டு முன்னால் வேண்டாம், நாறும் என்று ஒவ்வொருவரும் தள்ளிவிட்டார்கள். எங்க லோரோங் வாசல்லயே வைங்க என்று அக்காதான் லோரிக்காரரிடம் சொன்னார். அப்போதே அவருக்குக் காய்ச்சல். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அவர் உள்ளே படுத்திருந்த நாட்களில் தோங் எப்படி நிறைந்தது என்று நீங்களே பார்த்தீர்கள். விளிம்புக்கு மேல் சோபா. சோபாவுக்கு மேல் யாரோ ஒருவருடைய ஃப்ரிட்ஜ்.

இன்று சாயங்காலம் வந்து புகை அடித்துவிட்டுப் போனார்கள். இப்போது கேஸ் இருக்கிறதே… வீட்டு எண் அக்காவுடையது.

குரூப்பில் வரிசையாகக் கைகூப்பிய படங்கள். மூலை வீட்டு அங்கிள் ரோஜாப்பூ போட்டு, "நம் தாமானின் தூண்" என்று எழுதியிருக்கிறார்.

பாப்பாவின் நெற்றியை இன்று எத்தனை தடவை தொட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சூடு இல்லை. இருந்தாலும் கை அங்கேயேதான் போகிறது.

நோட்டீஸைத் தப்பாக எழுதியது நான். பாக்கியம் அக்கா இல்லை. அவர் சரியாகத்தான் படித்தார்.

போய் வாருங்கள் அக்கா.

லோரிக்காரரிடம் பேசிவிட்டேன். நாளை ஒன்பது மணிக்கு வர ஒத்துக்கொண்டார். விளிம்புக்கு மேலே இருப்பதை இறக்கினால்தான் தோங்கைத் தூக்குவாராம்.

என் கணவர் ரவாங்கில் நைட் ஷிஃப்ட் முடித்து நேராக அங்கே வருகிறார். ஒருவரால் அந்த ஃப்ரிட்ஜை இறக்க முடியாது. ஏழரை மணிக்கு இன்னும் ஆறேழு பேர் வேண்டும். கையுறை இருக்கிறது.

யார் யார் வருகிறீர்கள்? சீக்கிரம் பதில் போடுங்கள்.