பூமியைப் பார்த்துக்கொள்ள ஆள் உண்டு என்றவர்

இரண்டாம் ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஏசி பிளான்ட் ஏகாம்பரம் இறந்துவிட்டார். நண்பகலில், கூரையில் நின்றுபோன விசிறியைப் பார்க்க ஏறியவர், அங்கேயே சுருண்டு விழுந்தாராம். வெயில் தாங்கவில்லை என்றார்கள்.

அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு எங்கள் வழக்கு தெரியும். அவருக்குக் கடவுள் உண்டு, எனக்கு இல்லை. ஒருநாள் ஏசி கம்ப்ரசர் நின்று, பெயின்ட் அடிக்கும் ஷெட்டே கொதித்தது. சரிசெய்துவிட்டு டீ குடிக்கும்போது கேட்டார்: "இந்த ஒரு ஷெட்ட குளிரா வெக்கவே நாலு பேரு ஓடிக்கினு கீறோம். இம்மாம் பெரிய பூமிக்கு ஆளே இல்லன்றியா பாண்டி?"

கடல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்வதையும், மேகம் நிழல் போடுவதையும், மழையும் பாறையும் சேர்ந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக் கடலுக்கு அனுப்புவதையும் அவர் தன் பிளான்ட்டைப்போலவே விவரிப்பார். அதெல்லாம் தானாக நடப்பது என்பேன்.

"தானா ஓட்ற மெஷின டிசைன் பண்றதுதாம்பா கஷ்டம்."

ஒரு மழைக்காலத்தில் பிள்ளைப்பாக்கத்தில் நான் குடியிருந்த வாடகை அறைக்குள் இடுப்பளவு தண்ணீர். பென்னலூரிலிருந்து வந்து என் பெட்டியைத் தலையில் சுமந்தவர் அவர்தான். இதுவும் உங்கள் ஆண்டவன் போட்ட பிளானா என்று ஆத்திரத்தில் கேட்டேன். நிற்காமல் நடந்தபடியே சொன்னார்: "பிளான் கரெக்டாத்தான் கீது. கால்வாய தூர்த்து காம்பவுண்டு கட்டுனவன கேளு."

அதற்குப் பின் கோடைகள் கொடுமையாகின. பூமிக்கு லோடு ஏற்றிக்கொண்டே போகிறோம், எந்த மெஷின்தான் தாங்கும் என்று கவலைப்பட்டார். அதே வெயிலில் அவரையும் கூரைக்கு ஏற்றினார்கள். நாலு மணிக்கு மேல் ஏறுகிறேன் என்று அவர் கேட்டதும், லைன் நிற்கக்கூடாது என்று சூப்பர்வைசர் மறுத்ததும் பிறகுதான் தெரிந்தது.

சாவு வீட்டில் அந்தச் சூப்பர்வைசர் மாலை போட்டுவிட்டு, எல்லாம் ஆண்டவன் செயல் என்றார். ஏகாம்பரத்தின் மனைவி நிமிர்ந்து அவரைப் பார்த்தார். என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஆண்டவன் ஏத்தல சார். நீங்க ஏத்துனீங்க."

கடவுளை நம்பாத நான் கடவுளுக்காக வழக்காடியது அன்றுதான். இப்போது எனக்கு விளக்கம் கேட்டுக் கம்பெனியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. அவருடைய நம்பிக்கை இன்றும் எனக்கு வரவில்லை. மனிதன் செய்த பிழையை மேலே தள்ளிவிடச் சம்மதிக்காத அவருடைய பிடிவாதத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். பதிலை அதைக்கொண்டுதான் எழுதப்போகிறேன்.