சேர்ச் ஹோலில் ஓர் அரோகரா

எங்கள் ஊர்ச் சேர்ச்சில் பொப்கோர்ன் தின்னலாம். சொன்னால் இலங்கையில், எங்கள் பதுளையில் யாரும் நம்பமாட்டார்கள். இங்கிலாந்தின் வடக்கே, எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் சின்ன ஊர் இது. மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சேர்ச் ஹோலில் படம் போடுகிறார்கள். வேதாகமக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். தியேட்டரில் ஓடி முடிந்த சண்டைப் படம், பேய்ப் படம், காதல் படம் எல்லாம் உண்டு. முடிந்ததும் போதகர் அலன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இதில் கடவுளை எங்கே பார்த்தீர்கள்?" என்று கேட்பார். முதல் தடவை எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. காரோடு கார் மோதுகிற இடத்தில் கடவுளுக்கு என்ன வேலை ஐயா?

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போகிறவள் என் மனைவி ஸ்டெல்லா. பதுளை டவுனில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவள். நான் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில், முருகன் படத்துக்குக் கீழே படுத்து வளர்ந்தவன். கல்யாணத்தின்போது வராத மதச் சண்டை, இங்கே வந்து தலை நரைத்த பிறகு வந்தது. கடைக்குப் போகும் வழியில் சேர்ச்சின் கல்லறைத் தோட்டம். ஒருநாள் அங்கே புருஷன் பெண்சாதி பெயர் ஒரே கல்லில் இருப்பதைப் பார்த்துவிட்டு, பையும் கையுமாக நின்றுவிட்டாள்.

"நீங்க பாட்டுக்கு எரிஞ்சு சாம்பலாப் போயிருவீங்க. நான் மட்டும் இந்தக் குளிருக்குள்ள தனியாப் படுத்துக் கெடக்கணுமா? ஞானஸ்நானம் எடுங்கன்னா கேக்குறீங்களா?"

"அதுக்கெல்லாம் இன்னும் காலம் இருக்கு புள்ள" என்று நழுவினேன். அவள் பயம் எனக்குப் புரியாமலில்லை. அதற்காக முருகனைக் கைவிடவும் மனசு வரவில்லை.

போன மாதம் விண்வெளிக் கப்பல் படம். கப்பல் உடைகிறது, எல்லோரும் ஓடுகிறார்கள், தப்பும் வழியின் கதவோ மூடிக்கொண்டே வருகிறது. கப்பலின் சமையல்காரக் கிழவர் அதைத் தோளால் தாங்கிக்கொண்டு நிற்கிறார். அத்தனை பேரும் அவரைத் தாண்டிப் போகிறார்கள், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு என்ன வந்ததோ தெரியாது. இரண்டு கையும் தலைக்குமேல் போய்க் குவிந்துவிட்டன. வாய் "அரோகரா!" என்றது. மெதுவாக அல்ல, தேர் இழுக்கிற சத்தத்தில்.

எங்கள் தோட்டத்தில் திரையில் சாமி வந்தால் அப்படித்தான். அது யாருடைய சாமி என்று பார்க்கிற வழக்கமில்லை. பதுளையிலிருந்து ஒருமுறை சபைக்காரர்கள் வேனில் வந்து, பொழுது சாய்ந்ததும் தொழிற்சாலைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி இயேசு படம் போட்டார்கள். அவர் கல்லறையிலிருந்து எழுந்ததும் லயமே எழுந்து அரோகரா போட்டது. ஒரு மாமி தட்டில் சூடம் ஏற்றித் திரைக்குக் காட்டினார். ஊழியக்காரருக்குத் தடுப்பதா, தொட்டுக் கும்பிடுவதா என்று தெரியவில்லை, பாவம். நடுவில் மழையும் வந்திருந்தது. கொழுந்தெடுக்கையில் நனையாமல் இடுப்பில் கட்டும் படங்குத் துணியை அம்மா ஓடிப்போய் எடுத்துவந்தார். வேன் டிரைவர் அதைப் படம் காட்டுகிற மெஷினுக்கு மேலே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டார், திரைக்கு முதுகைக் காட்டியபடி, கடைசிவரை.

"நீங்க படம் பாக்கலயா தம்பி?" என்று அம்மா கேட்டார்.

"நான் திரும்பினா மெஷின் நனைஞ்சிரும்மா. அப்புறம் நீங்க யாரும் பாக்க ஏலாதே."

சேர்ச் ஹோலில் விளக்குப் போட்டார்கள். கடவுளை எங்கே கண்டோம் என்ற கேள்விக்கு எல்லோரும் கப்பல் தலைவனைச் சொன்னார்கள். அலன் என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஆண்டவர் இன்று உங்களைத் தொட்டுவிட்டார், இல்லையா? ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமா?" அவருடைய கண் கலங்கியிருந்தது. ஸ்டெல்லாவுடைய கண் வழிந்தே விட்டது. அடக் கடவுளே, நல்லா மாட்டிக்கொண்டேன். ஆமென்று சொல்லிவிட்டால் வீட்டில் நிம்மதி. ஆனால் பொய் சொல்லி அவளுக்குப் பக்கத்தில் போய்ப் படுப்பதா?

தெரிந்த ஆங்கிலத்தில் டிரைவர் கதையைச் சொன்னேன். "அந்த டிரைவரைத்தான் கும்பிட்டேன். அந்தக் கிழவரில் அவரைப் பார்த்தேன். இயேசுவும் இப்படித்தான் நின்றிருப்பார் என்று இன்றைக்குத்தான் விளங்கியது. அவரை நான் கும்பிடுவேன், முருகனோடு சேர்த்து. அதற்குமேல் என்னால் முடியாது ஐயா."

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துவிட்டு, எல்லார் முன்னாலும் கேட்டாள்: "அப்படியென்றால் நான் தனியாகத்தான் படுக்கவேண்டுமா, போதகரே?"

அலனுக்கு முதலில் விளங்கவில்லை, களைத்துவிட்டாளாக்கும் என்று கதிரையை நகர்த்திக் கொடுத்தார். அவள் கல்லறைப் பக்கம் கையைக் காட்டியதும் விளங்கிக்கொண்டு, அவளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "குழி உங்களுடையது. அவருடைய சாம்பலை அதில் உங்களோடு வைக்க நான் மறுக்கமாட்டேன்" என்றார்.

கல்லறைகளைத் தாண்டி வீட்டுக்கு நடந்தோம். எனக்கு மனசு லேசாகிவிட்டது, வாயும் சும்மா இருக்கவில்லை.

"சாம்பல்ல பாதி இங்க உன்னோட. மத்தப் பாதிய யாராவது கொண்டுபோயி பதுளு ஓயா ஆத்துல கரைச்சிரட்டும். அம்மாவக் கரைச்ச எடம்."

அவள் நின்றாள். சண்டைதான் என்று நினைத்தேன். என் கோட்டுப் பைக்குள் கையை விட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாதியக் கொண்டு போங்க. அந்தக் கும்பிட்ட கை ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டும்."