நாற்பத்தெட்டு மாலைகளின் நடை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வேங்கிக்காலில் ஆட்சியர் அலுவலகத்தின் எதிரே பிறருக்காக மனு எழுதிப் பிழைக்கும் நான், என்னைக் குறித்து எழுதுவது இதுவே முதல் முறை. ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பிழையிருப்பின் பொறுத்தருள வேண்டும்.

பல்லாண்டுகளாக மாலை ஆறு மணியானால் என் கால்கள் தாமாகவே மதுக்கடைக்குச் சென்றன. குடியை விடவேண்டிச் சென்றபோது மருத்துவர் மாத்திரைகள் கொடுத்து, அவற்றுக்குத் துணையாக நாள்தோறும் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கப் பணித்தார். நானோ இவ்வூர்க்காரனுக்கே உரிய தவற்றைச் செய்தேன். பௌர்ணமியன்று வெறுங்காலோடு மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடந்து, மாதம் முழுமைக்குமான நடை முடிந்ததென்று எண்ணிக்கொண்டேன். பாதங்கள் கொப்புளித்தன. நான்கு நாள் படுத்திருந்தேன். ஐந்தாம் நாள் குடித்தேன்.

அன்றே என் மனைவி கீழ்பென்னாத்தூரிலுள்ள அண்ணன் வீட்டுக்குப் புறப்பட்டாள்.

"நாப்பத்தெட்டு நாளு குடிக்காம இருந்து காட்டுங்க. அப்பறமா வந்து கூப்புடுங்க. இல்லன்னா நான் வரவே மாட்டேன்."

மருத்துவரிடம் உண்மையைக் கூறினேன்.

"மலைய சுத்துனது புண்ணியம் பெரியவரே. நான் கேட்டது தெனம் நடக்கறது. குடிக்கணும்னு தோணற நேரத்துலியே கெளம்புங்க" என்றார்.

அவ்வாறே ஆறு மணிக்குப் பேனாவை மூடிச் செருப்பணிந்து, கடைக்கு எதிர்த்திசையில் நடந்தேன். முதல் வாரம் நாக்கு வறண்டது, திரும்பிவிடத் தோன்றியது. மூன்றாம் வாரம் நல்ல உறக்கம் வந்தது. ஒருநாள் பழைய குடிக்கூட்டாளி ஸ்கூட்டரை என்னருகே நிறுத்தினான்.

"இன்னா மாமா, நீ நடக்கற நடைக்கு மலையே தேஞ்சிடும் போலருக்கே! ஏறு, கொஞ்சமா போட்டுட்டு வந்துடலாம்."

"மலை தேயாதுடா, என் தொப்பதான் தேயுது. நீ போ."

சற்றுத் தொலைவு கூடவே உருட்டி வந்தவன் சலித்துத் திரும்பினான். எனக்கோ ஓடலாம் போலிருந்தது.

நாற்பத்தெட்டாம் நாள் பேருந்தேறினேன். அன்றைய நடையைத் தவறவிடலாகாதென்று இரண்டு நிறுத்தம் முன்னரே இறங்கி நடந்தேன். மனைவி வாசலிலேயே வழிமறித்தாள்.

"ஊதுங்க பாப்போம்."

"இன்னாமா இது, போலீசு கணக்கா மாப்பிள்ளைய நிக்க வெச்சி ஊதச் சொல்ற?" என்றார் அவள் அண்ணன்.

நெஞ்சு நிறைய மூச்சிழுத்து ஊதினேன். மறுபடியும் ஊதச் சொன்னாள். ஊதினேன்.

"வேர்வ நாத்தம்தான் ஜாஸ்தியா அடிக்குது" என்று கூறிச் சிரித்துவிட்டாள். அன்றே என்னோடு பேருந்தேறினாள்.

மாத்திரையும் நடையும் தொடர்கின்றன. இப்போது அவள் எனக்கு முன்னால் நடக்கிறாள். இந்தக் கடைசி விவரத்தை மட்டும் வெளியே சொல்லாமல் தங்களிடமே வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.