மூன்றாம் ஓலையும் பதினெட்டாவது கதவும்

1918 அக்டோபர் 27, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டே கால் மணி. மூடுபனி, கூடவே சாரல். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நான் அப்போது கணக்கப்பிள்ளை. காலையில் ஆட்கள் கூடும் பெரட்டில் பெயர் கூப்பிட்டு எண்ணி, செக்ரோல் என்ற வருகைக் கணக்கை எழுதுவது என் வேலை. எங்கள் கிறிஸ்தவ சபையின் பதிவேடும் என்னிடமே இருந்தது.

விஷக்காய்ச்சல் பரவியதால் திங்கட்கிழமை, ஆட்கள் குடியிருந்த ஆறு லயங்களையும் தனித்தனியே சுற்றிக் கயிறு கட்டிவிட்டார்கள். சபைக் கோயிலுக்கும் பூட்டு. கயிற்றைத் தாண்டி உள்ளே போனவர் பதினான்கு நாள் வெளியே வரக்கூடாது என்று துரை உத்தரவு.

ரூத்துக்கும் ஞானமுத்துவுக்கும் இரண்டு ஞாயிறு சபையில் கல்யாண ஓலை வாசித்திருந்தோம். மூன்றாவது ஞாயிறும் பெயர்களை வாசித்து, தடை உண்டா என்று கேட்டால்தான் கல்யாணம். நடுவில் விட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதை மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் சொன்னவன் நான்தான். அவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று, "மறுபடி மொதல்லேருந்துன்னா சகுனமே சரியில்லீங்க. நாங்க வேற எடம் பாத்துக்கிறோம்" என்றார்.

சபையை நடத்திய உபதேசியாரின் பெயர் ஆசீர்வாதம், வயது அறுபத்தொன்று. கோபிக்கவில்லை. "சபை கூட முடியலைன்னா வீடு வீடாக் கேட்டுட்டு வருவோம். நீங்க எண்ணுங்க ஐயா" என்றார்.

சபை வீடுகள் இருபத்துமூன்று. எட்டே காலுக்குத் தொடங்கினோம். கயிற்றுக்கு வெளியே நின்று ஒவ்வொரு வாசலுக்கும் ஓலையை முழுதாக வாசித்தார். பதில் வந்த பிறகே நகர்ந்தார். நான் குறித்துக்கொண்டேன். ஒன்பதாவது வீட்டுக்காரன், "தடை ஒண்ணுமில்ல உபதேசியாரே, விருந்தன்னைக்கு மட்டும் கயித்த அவுத்துவிடுங்க" என்றான்.

பதினெட்டாவது கதவு ரூத்தின் தாய் அன்னம்மாளுடையது. கயிறு கட்டிய அன்று ரூத் தோட்டத்தின் மேல்கணக்குப் பிரிவில் அத்தை வீட்டில் மாட்டிக்கொண்டதால் அன்னம்மாள் தனியாக இருந்தாள். பதில் இல்லை. பெற்ற தாய் எப்போதோ சம்மதித்தவள்தானே, குறித்துவிட்டுப் போகலாம் என்றேன்.

"வாயத் தொறந்து சொல்லாம எப்படிங்க எழுதுவீங்க?"

மறுபடி வாசித்தார். மறுபடி காத்திருந்தார். இருபத்திரண்டு நிமிடம். என் காலில் அட்டை ஏழு. அவரைத் திட்டிக்கொண்டே நின்றேன். பக்கத்து அறையில் படுத்திருந்தவள், நேற்றிலிருந்து அங்கே சத்தமே இல்லை என்று ஈனக்குரலில் சொன்னாள். அப்போது உள்ளே ஒரு செம்பு உருண்டது.

உபதேசியார் கயிற்றைத் தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்தேன். அடுத்த லயத்தில் இன்னும் ஐந்து வீடு பாக்கி. ஓலை வாசிக்க அதிகாரம் அவருக்கு மட்டுமே. அவர் உள்ளே போனால் அந்தக் கல்யாணம் அத்தோடு போயிற்று.

"நீங்க வெளியவே நில்லுங்க. நான் போறேன்" என்றேன். பிரியமாகச் சொல்லவில்லை.

அன்னம்மாளின் உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. உதடு வெடித்திருந்தது, குரல் எழவில்லை. எட்டு மடக்குத் தண்ணீர் குடித்த பிறகு சொன்னாள்: "கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். தடையில்லேன்னு சொல்லிடுங்கய்யா."

வாசலுக்கு வந்து உரக்கச் சொன்னேன். அதுவரை மழையில் நின்றவர் தலையசைத்துவிட்டுப் பத்தொன்பதாவது வீட்டுக்கு நடந்தார். பதினொன்றரை மணிக்கு மூன்றாம் ஓலை முடிந்தது.

அன்னம்மாள் பிழைத்தாள், மகள் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்தாள். பெரட்டில் பதில் வராத பெயருக்கு நேரே வந்ததாகக் குறி போடும் பழக்கத்தை அன்றோடு விட்டேன். அந்த மனிதரைப்போல் காத்திருக்க எனக்கு இன்றும் வராது. கயிற்றுக்குள் இருந்த பதினான்கு நாளுக்கும் செக்ரோலில் என் பெயருக்கு நேரே, வேலைக்கு வரவில்லை என்று நானே பூஜ்யம் போட்டேன். சம்பளத்தில் பிடித்தது பதினோரு ரூபாய் இருபது சதம்.