ஆறு மணித் தவளை

வீட்டில் பலகாரம் சுட்டு விற்கிறவளுக்கு முதலாளி கிடையாது என்பார்கள். சுவிஸில், இந்த லோசான் நகரில், எனக்குக் கரண்ட் மீற்றர்தான் முதலாளி. கைப்பிள்ளையோடு ஓடர் எடுத்துச் சமைக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் இப்படி ஒன்று வாய்த்திருக்கும்.

தவளை ஒட்டியவர்

எங்கள் கரண்டுக்கு இரண்டு விலை. இரவு பத்திலிருந்து விடிய ஆறு வரை மலிவு, மற்ற நேரம் விலை கூட. இதை அறிந்த நாளிலிருந்து என் கணவருக்கு வேறு கதையில்லை. மகளின் ஸ்டிக்கர் புத்தகத்திலிருந்து ஒரு பச்சைத் தவளையை எடுத்து, நான் சமைக்கும் குசினியின் மணிக்கூட்டில் ஆறுக்கு மேல் ஒட்டிவிட்டார். மணி முள்ளு தவளையைத் தொடமுன் அரைப்பது, பொரிப்பது எல்லாம் முடிய வேண்டும்.

எந்த நேரமும் ஒரே விலை என்று இன்னொரு திட்டம் இருக்காம், கேட்டால் மாற்றித் தருவார்களாம் என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். மனுசன் சிரித்தார். "மலிவா ஒரு நேரம் இருக்கேக்க, அது வேண்டாமெண்டு ஆரும் எழுதிக் குடுப்பினமோ?"

கீழ்வீட்டு மதாம்

விடிய ஐந்து மணிக்கு உளுந்து அரைக்கத் தொடங்கினேன். அந்த நேரம் இந்த நாட்டுக் கட்டிடங்கள் மூச்சும் விடாது. மகளின் பழைய மெத்தையை மடித்துக் கிரைண்டருக்குக் கீழே வைத்தேன். அது இன்னும் உற்சாகமாக ஆடியது.

கீழ்வீட்டில் ஒரு மதாம் தனியாக இருக்கிறார், ஆஸ்பத்திரியில் வேலை. அவர் வீட்டு நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் போட்டால் போதும், வீடே போய்விடும் என்று பயந்து, அவரைக் கண்டால் படியால் இறங்கிப் போவேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிரெஞ்சு கதைக்க வெட்கம், எதைக் கேட்டாலும் "வுய்", ஓம் என்று தலையாட்டுவேன். ஒருநாள் லிஃப்ற்றில் அகப்பட்டேன். அன்றைக்கும் அதையேதான் சொன்னேன், அவர் கேட்டது இது: "உங்கட குசினியில ஹெலிகொப்டர் வைச்சிருக்கிறீங்களோ?"

எண்பது வடை

ஓர் அக்கா தன் மகனின் பிறந்தநாளுக்கு எண்பது வடை சொன்னார். கொண்டாட்டம் பின்னேரம் நாலு மணிக்கு. தவளைக்குப் பயந்து விடியவே பொரித்து, தாளால் மூடி வைத்துக் கொடுத்தேன். பத்து மணித்தியாலத்துக்கு மேல் வடை என்ன செய்யும், பாவம்.

அக்கா போன் எடுத்தார். ஏசவில்லை, ஏசியிருந்தால் பரவாயில்லை. அடுத்த மாதக் கோயில் ஓடரை எனக்குத் தருவதா விடுவதா என்று யோசிப்பதாகச் சொல்லிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "ருசியில குறையில்லைத் தங்கச்சி, ஆனா பிள்ளையள் அதை எறிஞ்சு பந்து விளையாடுதுகள்."

தாளில் இல்லாத கேள்வி

அன்றைக்குத்தான் முடிவெடுத்தேன். கோயில் ஓடர் போனால் என் தொழிலும் போச்சு. ஒரே விலைக்கு மாற்றித் தரச் சொல்லி நாலு பிரெஞ்சு வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, கரண்ட் கொம்பனியின் கந்தோருக்குப் போன் எடுத்து வாசித்தேன். எந்த நேரத்தில் கரண்டைக் கூடுதலாகப் பாவிக்கிறீர்கள் என்று போனில் கதைத்த பெண்பிள்ளை கேட்டாள். அது என் தாளில் இல்லை.

வடை சூடாக இருக்க வேண்டும் என்று தொடங்கினேன். உளுந்து, எண்ணெய், தவளை, மதாம் எல்லாம் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவை ஐந்து நிமிசம் விடாமல் பிரெஞ்சு கதைத்தேன். பகலில் கூடுதலாகச் சமைக்கிறவருக்கு ஒரே விலைதான் தோது, கடிதம் வரும், கையெழுத்து வையுங்கள் என்றாள். போனை வைக்கமுன் கேட்டாள்: "மதாம், அந்த வடையை எங்க வாங்கலாம்?"

திரும்பவும் மதாம்

கையெழுத்து வைத்து அனுப்பினேன்; இப்போது காலை பத்து மணிக்கு அரைக்கிறேன். கோயில் ஓடரும் வந்துவிட்டது. நேரம் மாற்றிய முதல் கிழமையே ஒரு பின்னேரம் பெல் அடித்தது. கோட்டைக் கழற்றாமல் மதாம் நின்றார். நிர்வாகத்துக்குக் கடிதம் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை இரண்டு நாள் மெட்ரோவைத் தவறவிட்டாராம். இத்தனை மாதமாக அலாரம் வைப்பதை விட்டுவிட்டு, என் கிரைண்டரைக் கேட்டுத்தான் எழும்பியிருக்கிறார். சூடாக இரண்டு வடை கொடுத்து மன்னிப்புக் கேட்டேன், முழுப் பிரெஞ்சு வசனமாகவே. ஒன்றைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "ஹெலிகொப்டரை நிப்பாட்டினது சரி, ஆனா கீழ இருக்கிற எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

விலையை மாற்றி வருசம் ஒன்றாகியும் தவளையை உரிக்க என் கணவருக்கு மனம் வரவில்லை. அது ஆறிலேயே இருந்து, நான் பட்டப்பகலில் பயமில்லாமல் பொரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.